வயிற்றை உள்ளே இழுப்பவள்

உலகத்தில் வயிறு இல்லாதவர் என்று யாரும் கிடையாது. ஆனால் தனக்கு அப்படி ஒன்று இல்லவே இல்லை என்பது போல நடமாடுகிறவர்கள் உண்டு. அவர்கள் தனி இனம். நீங்களும் பார்த்திருப்பீர்கள். சோபாவில் உட்கார்ந்ததும் கை தானாகத் துழாவிப் பக்கத்தில் கிடக்கும் தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளும். தலையணை இல்லாத வீட்டில் கைப்பை, கைப்பை இல்லாத இடத்தில் செய்தித்தாள், அதுவும் இல்லையென்றால் அந்த வீட்டுப் பூனை. எல்லோரும் சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொள்கிறார்களா, கூட்டத்தில் யார் குட்டை என்று ஒரே பார்வையில் கண்டுபிடித்து அவருக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார்கள். படம் எடுப்பவர் "ரெடி" என்றதும் மற்றவர்கள் சிரிப்பார்கள். இவர்கள் மூச்சை நிறுத்துவார்கள். படம் வந்த பிறகு பாருங்கள், வயிறு பிரமாதமாக இருக்கும். முகம்தான் தண்ணீரில் முக்கி எடுத்தது போல இருக்கும்.

இந்த இனத்தில் ஆண்களும் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பகுதி நேர ஊழியர்கள். எதிரே யாராவது வந்தால் இழுப்பார்கள், தாண்டிப் போனதும் விட்டுவிடுவார்கள். இருபத்துநாலு மணி நேரமும் இழுத்துப் பிடித்தபடி சமைத்து, துவைத்து, வேலைக்குப் போய், வாடகை ஏற்றச் சொல்லும் வீட்டுக்காரரோடு வாதாடுகிறவர்கள் பிள்ளை பெற்ற பெண்கள்தான். பிள்ளை வெளியே வந்துவிட்டது. பிள்ளை இருந்த இடம் மட்டும், விருந்தாளி கிளம்பிய பிறகும் மடித்து வைக்காத படுக்கை மாதிரி, அப்படியே கிடக்கிறது. அதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்றுதான் இத்தனை பாடு.

அப்படிப்பட்டவர்களில் ஒருத்தியின் கதை இது. நம்மவள் என்று வைத்துக்கொள்வோம். மற்றவளாக இருந்தால் இவ்வளவு விவரம் நமக்கு எப்படித் தெரியும்?

நம்மவளுக்கு வேலை வானொலியில் செய்தி வாசிப்பது. வானொலியில்! தொலைக்காட்சி என்றாலாவது ஒரு நியாயம் உண்டு. இவள் உட்காருவது ஒரு சின்ன அறை; கதவைச் சாத்தினால் காற்றுகூட அனுமதி கேட்டுத்தான் உள்ளே வரும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் ஒருவர். நிலையத்தில் எல்லோரும் அவரைக் காதுக்காரர் என்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு காதால் மட்டும் வாழ்கிற மனிதர். எதிரே யானை வந்து நின்றாலும் அது எந்தச் சுருதியில் மூச்சு விடுகிறது என்றுதான் கவனிப்பார். ஆக, இந்த ஊரில் அவளுடைய குரலைக் கேட்காதவர் இல்லை; அவளுடைய வயிற்றைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. அப்புறம் யாருக்காக இழுத்துப் பிடிக்கிறாய் என்று கேட்டால்? மைக்குக்காகத்தான். அது நேர் எதிரே, வாய்க்குக் கொஞ்சம் கீழே அல்லவா இருக்கிறது!

பிள்ளை பிறந்த புதிதில் நம்மவளுக்குக் கவலையே இல்லை. கையில் குழந்தை இருந்தது. குழந்தையைவிட நல்ல மறைப்பு உலகத்தில் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. யார் வந்தாலும் குழந்தையை எடுத்து வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு நிற்பாள். "எப்பப் பாரு பிள்ளையைக் கீழ விடமாட்டேங்கறா, என்ன பாசம்!" என்று வந்தவர்கள் மெச்சிவிட்டுப் போனார்கள். அந்தப் பாசத்தில் ஒரு பங்கு சொந்த நலன் என்பது அவளுக்கு மட்டும் தெரியும். பிறகு அந்தத் துரோகி தவழ ஆரம்பித்தது. இடுப்பில் வைத்தால் திமிறிக்கொண்டு கீழே இறங்கியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நம்மவள் சட்டைக்குள் மறைக்கப் பார்த்தாள்.

கணவரிடம் ஒரு நாள் கேட்டாள்.

"ஏங்க, என் வயிறு ரொம்பத் தெரியுதா?"

"இல்லையே."

"பாக்காமலே சொல்றீங்க."

"பாத்துட்டா மட்டும் வேற சொல்லிட முடியுமா?"

நல்ல மனிதர்தான். ஆனால் அதைச் சொல்லிவிட்டுத் தன்னுடைய வயிற்றின் மேல் இரண்டு கையாலும் தாளம் போட்டார் பாருங்கள், அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. பிள்ளையும் பெறவில்லை, பத்து மாதமும் சுமக்கவில்லை. ஆனாலும் தொந்தி இருக்கிறது. அதைச் சொத்து மாதிரி தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவரைப் பார்த்து யாரும் "என்னங்க, இன்னும் வயிறு உள்ள போகலையா?" என்று கேட்டதில்லை. இவளைக் கேட்காதவர் இல்லை.

பேருந்தில் ஒரு முறை கல்லூரிப் பெண் ஒருத்தி எழுந்து இடம் கொடுத்தாள். "உக்காருங்க அக்கா. எத்தனாவது மாசம்?"

நம்மவள் ஒரு நொடி யோசித்தாள். குழந்தைக்கு அன்று ஏழாவது மாதம் நடந்துகொண்டிருந்தது.

"ஏழு" என்றாள். சொன்னதில் பொய் இல்லை. உட்கார்ந்தாள். ஜன்னலோரம், நல்ல காற்று. இறங்கும்போது அந்தப் பெண் "பாத்து அக்கா, பாத்து" என்று கையைப் பிடித்து இறக்கியும் விட்டாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, குழந்தை கடித்துப் பாதியில் போட்ட பிஸ்கட்டுகளைத் தின்றபடி அழுதாள். திங்கட்கிழமையிலிருந்து பிஸ்கட்டைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தாள். எல்லா முடிவுகளையும் போல அதுவும் திங்கட்கிழமைக்குத்தான். இடையில் உள்ள நாட்களில் நிறுத்தினால் பிஸ்கட்டுக்கு மரியாதையாக இருக்காதல்லவா?

நடுவில் ஆஸ்பத்திரிக்கும் போனாள். உடற்பயிற்சி சொல்லித் தருகிற ஒரு பெண் அவளைப் படுக்கவைத்து, தலையைத் தூக்கச் சொல்லி, தொப்புளுக்கு மேலே விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"நடுவுல தசை விலகியிருக்கு. நிறையப் பேருக்கு இப்படித்தான். வயித்தை இழுத்துப் பிடிச்சுட்டே இருக்காதீங்க. மூச்சை அடி வயிறு வரைக்கும் இழுங்க, மெதுவா விடுங்க, விடும்போது தசையை லேசா உள்ள சேருங்க. மெல்ல மெல்லத் தேறும்."

"தோல்?"

"தோல் அது இஷ்டத்துக்குத்தான் வரும். கொஞ்சம் அப்படியே நின்னாலும் நிக்கும். அதோட சண்டை போடாதீங்க."

அடி வயிறு வரை மூச்சு! செய்தி வாசிப்பவளுக்கு முதல் நாள் சொல்லித் தந்த பாடமே அதுதான். மூச்சு நெஞ்சில் நின்றால் வாக்கியம் பாதியில் நிற்கும். புதிதாக வருகிறவர்களுக்கு அவளே அதைச் சொல்லித் தந்திருக்கிறாள், வயிற்றின் மேல் புத்தகத்தை வைத்து ஏற்றி இறக்கிக் காட்டியிருக்கிறாள். சொல்லித் தருவது ஒன்று, செய்வது வேறொன்று. மூச்சை அங்கே விட்டால் வயிறு வெளியே வருமே! மெல்ல மெல்ல என்கிறாளே, நமக்கு நாளைக்கே வேண்டுமே! தலையை ஆட்டிவிட்டு நேரே நாத்தனார் வீட்டுக்குப் போனாள்.

நாத்தனாரிடம்தான் அந்த பெல்ட் இருந்தது. அகலமான, இறுக்கிக் கட்டுகிற, வெல்க்ரோ வைத்த வயிற்று பெல்ட். அதைக் கடையில் வாங்கியது யார் என்பது யாருக்கும் தெரியாது. நாத்தனாருக்கு அவர் தோழி கொடுத்தது. தோழிக்கு அவள் ஓரகத்தி கொடுத்தது. ஓரகத்திக்கு அவள் மேலதிகாரி. ஒவ்வொருத்தியும் அதை ஒரே வார்த்தை சொல்லித்தான் அடுத்தவளிடம் ஒப்படைத்திருக்கிறாள்.

"எனக்கு நல்லா வேலை செஞ்சுது" என்றார் நாத்தனார்.

நம்மவளின் பார்வை தன்னையறியாமல் நாத்தனாரின் இடுப்புக்குப் போனது. நாத்தனாரின் மடியில் தலையணை இருந்தது.

"தாங்க அண்ணி" என்று வாங்கிக்கொண்டாள். எட்டுச் சாண் உடம்பில் ஒரு சாண் வயிற்றுக்காக மனிதர்கள் எவ்வளவு அலைகிறார்கள்!

பெல்ட் உடனே பலன் கொடுத்தது, அதை மறுக்க முடியாது. கட்டியதும் வயிறு காணாமல் போனது. மேலே கொஞ்சமும் கீழே கொஞ்சமுமாகப் பிதுங்கியதை அவள் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை. குனிய முடியவில்லை; குனிந்தால்தானே? சாப்பிட முடியவில்லை, நல்லதுதானே? பெருமூச்சு விட முடியவில்லை. அதையும் பொருட்படுத்தாமல், வயிறு மறைந்த பெருமையோடு விடுப்பு முடிந்து நிலையத்துக்குத் திரும்பினாள்.

அங்கே விஷயம் அவ்வளவு சுலபமாக இல்லை. நம்மவளுடையது மாலைச் செய்தி. ஊர் முழுக்க வீடு திரும்பும் நேரத்தில் கேட்கிற செய்தி. விடுப்பில் இருந்த மாதங்களில் அதைச் சின்னப் பெண் ஒருத்தி வாசித்துக்கொண்டிருந்தாள். சோதனைக்காகப் பதிவு செய்துபார்த்தபோது நம்மவளின் குரல் பழையபடி இல்லை. முற்றுப்புள்ளி வருவதற்குள் மூச்சு வந்தது. நடுவில் சின்னச் சின்ன இழுப்பு. காதுக்காரர் முகத்தைச் சுளித்தார். அவருக்கு அது பல்வலி மாதிரி.

நிலைய இயக்குநர் கூப்பிட்டுப் பேசினார். பெரிய மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அவரை ஊழியர்கள் மார்புக்கு மேலேதான் பார்த்திருக்கிறார்கள். எழுந்து நடந்தாலும் அலுவலகக் கோப்பு ஒன்றை வயிற்றோடு அணைத்துக்கொண்டுதான் நடப்பார். வேலையின் மேல் அவ்வளவு பிடிப்பு என்று எல்லோருக்கும் எண்ணம்.

"உங்க குரலுக்குன்னே கேக்கற ஜனங்க இருக்காங்கம்மா. ஆனா இப்ப மூச்சு வாங்குது. நாளைக்கு மாலைச் செய்தி நீங்க நேரடியா வாசிங்க. சரியா வந்தா உங்க நேரம் உங்களுக்கு. இல்லைன்னா கொஞ்ச நாள் பழைய பதிவுகளை அடுக்கி வைக்கிற அறைக்குப் போங்க. என்ன?"

நம்மவளுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. பெல்ட்டுக்குள் கரைவதற்கு இடம் இல்லாமல் அது நெஞ்சுக்கு ஏறியது. மாலைச் செய்தி அவளுக்கு வெறும் வேலை அல்ல. தூங்காத இரவுகளில், தலை வாராமல், பால் வாசனையோடு வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தபோது, தான் இன்னும் தான்தான் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தது அந்தக் குரலை வைத்துத்தான். உடம்பில் மாறாமல் மிஞ்சியது அது ஒன்றுதான் என்று நினைத்திருந்தாள்.

அப்படியென்றால் மறுநாள் பெல்ட்டை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு அல்லவா வந்திருக்க வேண்டும்? புத்திசாலி அதைத்தான் செய்வாள். நம்மவள் முக்கியமான நாளாயிற்றே என்று இன்னும் ஒரு பிடி சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. முதல் செய்திகள் சின்னவை, எப்படியோ ஒப்பேற்றிவிட்டாள். அடுத்து வந்தது நகராட்சி அறிவிப்பு. நகராட்சி அறிவிப்பு எழுதுகிறவரை உங்களுக்குத் தெரியாது. அவருக்கு முற்றுப்புள்ளி என்றால் செலவு. நம் பாஷையில் வினைச்சொல் கடைசியில்தான் வரும். அது வரும்வரை வாசிப்பவள் மூச்சைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும்.

"குடிநீர்க் குழாய் பதிப்பதற்காகவும், பதித்த குழாய்களைச் சரிபார்ப்பதற்காகவும், சரிபார்த்த குழாய்களுக்கு மேலே மின்கம்பிகளைக் கொண்டுசெல்வதற்காகவும் ஏற்கெனவே தோண்டி மூடப்பட்ட பிரதான சாலை, பொதுமக்களின் நலனையும் வசதியையும் ஒருங்கே கருத்தில் கொண்டு, வரும் வாரம் முதல் மீண்டும்…"

அங்கே மூச்சு தீர்ந்தது.

இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. பெல்ட் விடவில்லை. கண்ணாடிக்கு அப்பால் காதுக்காரர் கண்ணைத் திறந்துவிட்டார். அவர் கண்ணைத் திறந்தால் ஏதோ விபத்து என்று அர்த்தம். வானொலியில் மௌனம் என்பது மேடையில் ஆடை அவிழ்வது மாதிரி. ஊரே காத்திருந்தது. சாலை மீண்டும் என்ன? நம்மவளின் கை, அவளைக் கேட்காமலே, சட்டைக்குள் போய் ஓரத்தைப் பிடித்து இழுத்தது.

பர்ர்ர்ர்ர்ர்.

அடி வயிறு வரை காற்று இறங்கியது. எத்தனையோ நாளாகப் பூட்டிக் கிடந்த வீட்டில் ஜன்னலைத் திறந்தது போல.

"…தோண்டப்படும்!" என்றாள்.

அந்தக் குரலில் அறையின் கண்ணாடி அதிர்ந்தது. மீதிச் செய்தியை மலையிலிருந்து தண்ணீர் இறங்குவது போல வாசித்து முடித்தாள். சிவப்பு விளக்கு அணைந்ததும் முதல் காரியமாக என்ன செய்தாள் தெரியுமா? பெல்ட்டை மறுபடி கட்டிக்கொண்டாள். இனப் பழக்கம்!

வெளியே வந்தால் தொலைபேசிகள் அலறிக்கொண்டிருந்தன. சாலை தோண்டப்படும் என்ற அறிவிப்பை வாசித்துக்கொண்டே வந்து, தாங்க முடியாமல் ஒரு கணம் நிறுத்தி, அந்தக் காகிதத்தை மைக்குக்கு முன்னாலேயே பர்ரென்று கிழித்துப் போட்டு, "தோண்டப்படும்!" என்று கர்ஜித்தாளாம். ஊர் அப்படித்தான் கேட்டிருக்கிறது. "கிழிச்சாங்களே, அந்தம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க" என்றார் ஒரு கடைக்காரர். அந்தச் சாலைக் குழியில் விழுந்து காலை உடைத்துக்கொண்ட ஒருவர் தேம்பித் தேம்பி நன்றி சொன்னார். அடுத்த அழைப்பு நகராட்சியிலிருந்து. அவர்கள் தேம்பவில்லை. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது.

இயக்குநர் அறையில் மூன்று பேர். மேசைக்குப் பின்னால் அவர். எதிரே நம்மவள், கைப்பையை வயிற்றோடு அணைத்தபடி. ஓரத்தில் ஒலிப்பதிவுக் கருவியோடு காதுக்காரர்.

"அறிவிப்பைக் கிழிச்சீங்களா?"

"இல்ல சார். இதோ, முழுசா இருக்கு" என்று காகிதத்தை நீட்டினாள்.

"அப்ப அது என்ன சத்தம்? நகராட்சிக்கு நான் ஏதாவது சொல்லியாகணும்."

நம்மவள் கைப்பையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "நாற்காலி சார். நகர்த்தினேன்."

"நாற்காலி இல்லைங்க மேடம்" என்றார் காதுக்காரர். கெட்ட எண்ணமே இல்லாத மனிதர். உண்மையைத் தவிர வேறெதுவும் அவர் காதில் ஏறாது, அவ்வளவுதான். "நாற்காலின்னா முதல்ல ஒரு கிறீச் வரும்."

"கைப்பை ஜிப்பா இருக்கும்."

"ஜிப் இவ்வளவு அகலமா இருக்காதுங்க. மறுபடி போடறேன், கேளுங்க."

போட்டார். பர்ர்ர்ர்ர்ர். இரண்டு பெரிய ஒலிபெருக்கிகளில், அறை முழுக்க, நம்மவளின் வயிறு விடுதலையான சத்தம். மறுபடி போட்டார். "காகிதமும் இல்ல சார். ஏதோ துணியோட சம்பந்தப்பட்டது. இன்னொரு தடவை போடட்டுமா?"

"வேண்டாம்!" என்று அலறினாள் நம்மவள். "கிழிச்சேன்னே வெச்சுக்குங்க சார்."

"எதை?"

"அறிவிப்பைத்தான்."

"அது முழுசா இங்க இருக்கே?"

"மனசுக்குள்ள கிழிச்சேன் சார்."

இயக்குநர் அவளையே பார்த்தார். "நீங்க கிழிச்சேன்னு ஒத்துக்கிட்டா நான் ஒண்ணும் செய்ய முடியாதும்மா. மாலைச் செய்தி உங்களுக்கு இல்ல. பழைய பதிவு அறைதான்."

நம்மவள் என்ன செய்தாள்? சரியென்று தலையாட்டினாள்! பார்த்தீர்களா? செய்யாத குற்றத்தை ஏற்றுக்கொள்வாள், ஆசை ஆசையாகப் பார்த்த வேலையை விடுவாள், ஊரே அவளைப் புரட்சிக்காரி என்று சொன்னாலும் சும்மா இருப்பாள்; ஒரு முழத் துணியை வயிற்றில் கட்டியிருக்கிறேன் என்று மட்டும் வாயைத் திறந்து சொல்லமாட்டாள். இந்த இனத்தின் வீரத்தை எந்த வரலாற்றில் எழுதுவது?

யோசனையோடு கருவியைத் தட்டிய காதுக்காரரின் விரல் பட்டு மீதிப் பதிவு ஓட ஆரம்பித்தது. "தோண்டப்படும்" என்பதற்குப் பிறகான செய்தி. யாரும் நிறுத்தவில்லை. அகலமான, அவசரமில்லாத ஒரு குரல் அறைக்குள் வந்து உட்கார்ந்தது.

"சத்தம் என்னவோ தெரியல சார்" என்றார் காதுக்காரர், கண்ணை மூடிக்கொண்டு. "ஆனா அதுக்கு அப்புறம் வர்ற குரலைக் கேளுங்க. மேடம் விடுப்புல போனதுலேருந்து நான் தேடிட்டிருந்த குரல் இதுதான். இன்னும் கொஞ்சம் ஆழமாகூட இருக்கு."

நம்மவள் கேட்டாள். தொலைந்துபோய்விட்டது என்று தானே முடிவு கட்டிவைத்திருந்த குரல். எங்கேயும் போகவில்லை, அவளேதான் கட்டிப்போட்டு வைத்திருந்தாள். கண்ணில் நீர் முட்டியது. கோபமும் வந்தது, வேறு யார் மேலுமல்ல. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நன்றாக ஆடத் தெரிந்தும் காலைக் கட்டிக்கொண்டு நின்றவளை என்ன சொல்வது?

கைப்பையை எடுத்து மேசைமேல் வைத்தாள். எழுந்து நின்றாள்.

"சத்தம் என்னன்னு சொல்றேன் சார். பிள்ளை பெத்த வயிறு. இன்னும் உள்ள போகல. பெல்ட் கட்டியிருக்கேன். மூச்சு முட்டுச்சு, பிரிச்சேன்."

சொல்லிவிட்டுத் திரும்பி நின்று, சாட்சியத்தையும் சமர்ப்பித்தாள். பர்ர்ர்ர்ர்ர்.

"அதேதான் சார்!" என்று காதுக்காரர் துள்ளிக் குதித்தார். "அதே சுருதி!" அவர் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியான முகத்தை யாரும் பார்த்ததில்லை.

இயக்குநர் சிரிக்கவில்லை. நகராட்சிக்குத் தொலைபேசியில், "ஒரு சாதனம் கழன்றுவிட்டது, இனி அதை உபயோகிக்க மாட்டோம்" என்றார். பொய் ஒன்றும் இல்லை. "மாலைச் செய்தி உங்களோடதுதான்" என்று நம்மவளிடம் சொன்னார். நம்மவளின் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. இப்போது அதற்கு இடமும் இருந்தது. காதுக்காரரை அனுப்பிவிட்டு, கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டார்.

"அந்த… சாதனம். எங்க கிடைக்கும்?"

"யாருக்கு சார்?"

"எங்க வீட்டுல கேட்டுட்டிருந்தாங்க."

"குழந்தை எப்பப் பொறந்துது சார்?"

"கடைசிப் பையன் காலேஜ் முடிச்சுட்டான்."

"என்ன அளவு சார் வேணும்?"

அவருடைய பார்வை மெதுவாக இறங்கி, மேசைக்குக் கீழே, யாரும் பார்த்திராத அந்தப் பிரதேசத்துக்குப் போய்க் கொஞ்ச நேரம் தங்கியது. கை தானாக நகர்ந்து கோப்பு ஒன்றை இழுத்து மடியில் வைத்துக்கொண்டது.

"கொஞ்சம் பெரிசாவே இருக்கட்டும்" என்றார்.

நம்மவள் பெல்ட்டைச் சுருட்டிப் பழைய செய்தித்தாளில் சுற்றி அவர் மேசைமேல் வைத்தாள். "இழுத்தா இழுத்த அளவுக்கு வரும் சார். எனக்கு நல்லா வேலை செஞ்சுது" என்றாள். கை மாறிக் கை மாறி வந்த அந்த பெல்ட்டின் சரித்திரத்தில் அந்த வாக்கியம் உண்மையாகச் சொல்லப்பட்டது அன்றுதான் முதல் தடவை.

அப்புறம் வயிறு உள்ளே போய்விட்டதா என்று கேட்பீர்கள். கேட்காமல் இருக்க முடியாதே உங்களால்! ஆஸ்பத்திரிப் பெண் சொன்ன பயிற்சியைச் சில நாள் செய்கிறாள், சில நாள் மறக்கிறாள். தசை கொஞ்சம் சேர்ந்திருக்கிறது. தோல் அதன் இஷ்டத்துக்கு இருக்கிறது. மாலையில் மைக்குக்கு முன்னால் உட்காரும்போது அதை மேசை விளிம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு வாசிக்கிறாள். நகராட்சி எவ்வளவு நீளமாக எழுதினாலும் வினைவரை மூச்சு போகிறது. கல்யாண வீட்டுப் படம் என்றால் மட்டும் இன்னமும் குட்டையான ஆளைத் தேடுகிறாள். ஒரேயடியாகத் திருந்திவிட முடியுமா?

சென்ற வாரம் ஊழியர் கூட்டத்துக்கு இயக்குநர் கோப்பு இல்லாமல் வெறுங்கையோடு நடந்து வந்தார். நிமிர்ந்த நடை, கொஞ்சம் சிவந்த முகம், குட்டை குட்டையான வாக்கியங்கள். பேசி முடித்து நாற்காலியில் உட்கார்ந்தபோது எங்கிருந்தோ லேசாக ஒரு "பர்" கேட்டது. அறையில் வேறு யாரும் கவனிக்கவில்லை. காதுக்காரர் மட்டும் சட்டென்று கண்ணைத் திறந்து நம்மவளைப் பார்த்தார். நம்மவள் தன் வயிற்றை நன்றாகச் சாய்த்து உட்கார்ந்துகொண்டு கூரையைப் பார்த்தாள்.

போகட்டும், உங்களை ஒன்று கேட்க வேண்டும். நான் அப்படியெல்லாம் இல்லை என்று எந்த இடத்தில் முடிவு செய்தீர்கள்? தலையணையைப் பற்றிச் சொன்னபோது மடியில் இருந்ததை மெல்ல எடுத்துப் பக்கத்தில் வைத்தீர்களே, அப்போதா? நல்லது. இப்போது அங்கே இந்தப் புத்தகம்தான் இருக்கிறது. படிப்பதற்காகத்தான் அங்கே வைத்திருக்கிறேன் என்பீர்கள், நம்புகிறோம். ஆனால் இந்தப் பக்கத்துக்கு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து ஒன்றை உள்ளே இழுத்துக்கொண்டீர்கள் பாருங்கள், அதை விட்டுவிடுங்கள். யாரும் பார்க்கவில்லை. அவரவருடையதை மறைக்கவே அவரவருக்கு நேரம் சரியாக இருக்கிறது.